இன்னும் நன்றி சொல்லாதவன்

குடுக்கை கனக்கவில்லை.

எர்மிந்தா அதை மூன்றாவது முக்காலியிலிருந்து எடுத்து வழக்கம்போல் சாம்பல் வாளியில் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. கொஞ்சம் முன்னால்தான் அவள் தன் கையாலேயே வெந்நீர் ஊற்றி, பச்சை நுரை விளிம்பில் பொங்க, யாரும் உட்காராத அந்த முக்காலியில் வைத்திருந்தாள். இப்போது உள்ளே யெர்பா இலை வெறும் சக்கையாக, ஒட்ட உறிஞ்சியதுபோல் இறுகிக் கிடந்தது.

ஓட்டை விழுந்திருக்கும் என்று நினைத்தாள். முக்காலியில் விரித்திருந்த ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. மறுபடி நிரப்பிக் கணவனிடம் நீட்டினாள். பெலார்மீனோ வாங்கி, குழலில் கொர்ரென்று காற்று வரும்வரை நிதானமாக உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஒழுகவே இல்லை.

"என்னடி, குடுக்கையத் தூக்கித் தூக்கிப் பாக்குற? கோழி முட்டையா அது?"

"ஒண்ணுமில்லய்யா. குடி," என்றாள் அவள்.

பூமியின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ஏரிக்கரையில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் குளிர்காலம், சூரியன் பேருக்குத்தான் தலையைக் காட்டும். காலையில் விடியாது, சாயங்காலம் என்று ஒன்று வரவே வராது, மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் மலை இருட்டிவிடும். தகரக் கூரையில் மழை, மழை விட்டால் பனி, பனி விட்டால் மறுபடி அந்தச் சனியன் பிடித்த மழை. மாட்டுக்குத் தீவனம் போட்டு, லெங்கா மரத்து விறகைப் பிளந்து அடுக்கிவிட்டால் வேறு வேலையும் கிடையாது. மனிதர்களுக்குப் பித்துப் பிடிக்காமல் இருப்பதே இரும்படுப்பாலும், அக்கார்டியனாலும், மாத்தேயாலும்தான்.

யெர்பா இலையில் வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுவதுதான் மாத்தே. அதற்கு எங்களுக்கு ஒரே குடுக்கை, ஒரே குழல், ஊற்ற ஒரே கை. குடித்தவர் குடுக்கையைத் திருப்பித் தர, ஊற்றுகிறவர் நிரப்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். போதும் என்றால் "நன்றி" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை ஊற்றுகிற கை ஓயக் கூடாது. விருந்தாளி நன்றி சொல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது கெண்டியை இறக்கி வைத்த வீட்டைப் பற்றி மறுகரைவரை பேச்சு போகும்.

அந்த வீட்டில் எப்போதும் மூன்று பேர். எர்மிந்தா, பெலார்மீனோ, அவன் தம்பி எலாதியோ. ஏப்ரல் மாதம் எலாதியோ குளிர்காலத்துச் சாமான் வாங்கிக்கொண்டு படகில் ஏரியைக் கடந்து வரும்போது காற்று எழும்பிவிட்டது. மறுநாள் கரையில் படகு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மாவு மூட்டை, இறுக மூடிய யெர்பா டப்பா, அவனுடைய இடது கால் பூட்ஸ். ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

ஒன்பது நாள் ஜெபம் வைக்கப் பெலார்மீனோ ஒத்துக்கொள்ளவே இல்லை. ஜெபம் வைத்தால் செத்துவிட்டான் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி என்றான். அந்த ஒற்றைப் பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். மதியம் வானொலியில் கிராமத்துச் செய்திகள் வாசிக்கும்போது காதை ஒட்டவைத்துக் கேட்டான். யாராவது எங்கேயாவது தம்பியைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்களா என்று. பிறகு அதையும் விட்டான். சாப்பாட்டை விட்டான், சவரத்தை விட்டான், பேச்சை விட்டான். ஒருநாள் எர்மிந்தா மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தபோது கையில் சுருக்குக் கயிற்றோடு விட்டத்தை அண்ணாந்து பார்த்து நின்றுகொண்டிருந்தான். இவளைக் கண்டதும், "கயிறு நைஞ்சு போச்சான்னு பாத்தேன்," என்றான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான். இந்த மனிதனை வசந்தம்வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று மணிக்கே விளக்கை ஏற்றினாள். ஜன்னலுக்குச் சிவப்புக் கம்பளித் திரை தைத்துப் போட்டாள். மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்து, வீடு முழுக்க அந்த வாசம் நிறைய, வெல்லப்பாகு ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவான்.

கடைசியில் ஒரு சாயங்காலம், எலாதியோ வாங்கி வந்த யெர்பா டப்பாவை உடைத்தாள். மூன்று முக்காலி போட்டாள். முதல் குடுக்கையை ஊற்றி மூன்றாவது முக்காலியில் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, எலாதியோ மாதிரியே குரலை இழுத்து, "இன்னொண்ணு ஊத்துங்க மதினி, நான்தான் இன்னும் நன்றி சொல்லலியே!" என்றாள்.

பெலார்மீனோ திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு சிரித்தான். ஏப்ரலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எலாதியோவின் நாய் கபித்தான், அதுவரை எழுந்திருக்காமல் மூலையில் சுருண்டே கிடந்தது, எழுந்து வந்து காலி முக்காலியின் கீழே படுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் தினமும் மூன்று முக்காலி.

குடுக்கை காலியான அந்தச் சாயங்காலம் அவள் தூங்கவில்லை. மறுநாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மறுபடி ஊற்றி வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி, அடுப்பில் லெங்காக் கட்டையைச் செருகினாள். பிசின் வெடித்துப் புகை நெடி கிளம்பியது, மழை தகரத்தில் ஒரே சீராய் இரைந்தது, கெண்டி மூக்கில் ஆவி சன்னமாய்ப் பாடத் தொடங்கியது, பெலார்மீனோ ஏதோ பழைய குதிரை விற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை சத்தங்களுக்கும் நடுவில், அவள் முதுகுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், அந்தச் சத்தம் கேட்டது.

கொர்ர்ர்.

குழலில் கடைசிச் சொட்டும் தீர்ந்து காற்று வருகிற சத்தம்.

பெலார்மீனோ கதையை நிறுத்தவில்லை. அவன் கை இரண்டும் மடியில் இருந்தன. முக்காலியின் கீழே கபித்தானின் வால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது, டப், டப், டப் என்று, யாரோ தலையைத் தடவிக் கொடுத்தால் தட்டுமே அப்படி. ஏரிச் சேற்றின் வாசம் மெல்ல வந்தது. அவள் அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி நிக்கிற? அவனுக்கு ஊத்து," என்றான் பெலார்மீனோ. அன்று அவன் சவரம் செய்திருந்தான். பொரித்த ரொட்டி நான்கைத் தின்றிருந்தான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்த மழித்த முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் ஜெயித்தது, அதுதான் கேடு. ஊற்றினாள்.

அவள் கணவனிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் பார்க்கவும் இல்லை. முக்காலிப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் ஊற்றி வைக்கப் பழகிக்கொண்டாள். சத்தம் வரும், எடுப்பாள், நிரப்புவாள். வீடு கலகலப்பாக இருந்தது. பெலார்மீனோ பரணிலிருந்து அக்கார்டியனை இறக்கித் தூசி தட்டினான். வாசிக்கத்தான் இன்னும் கை வரவில்லை. "அவன் இல்லாம எனக்கு அந்தப் பாட்டு வராது. சீக்கிரம் வரும் பாரு," என்றான். எது வரும் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தெல்மீரா அக்கா குதிரையில் வந்தாள். மேட்டில் இருக்கிற பக்கத்துப் பண்ணை அவளுடையது, வாய் ஓயாத மனுஷி. உள்ளே வந்ததும் தலைத்துணியை உதறிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் மூன்றாவது முக்காலியில் சொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டாள்.

"மாதாவே! என்ன இது, ஆட்டக் குளிப்பாட்டி இங்கதான் உக்கார வச்சீங்களா? என் பின்பக்கம் பூராவும் நனஞ்சு போச்சு!"

ஆட்டுத்தோல் சொட்டச் சொட்ட ஊறியிருந்தது. கருகருவென்று ஏதோ அதில் ஒட்டியிருந்தது, ஏரியின் அடியில் வளர்கிற பாசி. பெலார்மீனோவின் முகம் இறுகியது.

"அது ஆளிருக்கிற எடம். நீ இங்கிட்டு வந்து உக்காரு," என்றான்.

தெல்மீரா அக்கா நின்றபடியே ஒரே ஒரு குடுக்கை குடித்தாள், வாய்விட்டு, கொஞ்சம் உரக்கவே, "நன்றி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எர்மிந்தாவை விறகு அடுக்கியிருந்த தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருக்குடி மூணாவது குடுக்கை?"

எர்மிந்தா தரையைப் பார்த்தாள்.

"ஜெபம் சொல்லி அனுப்பாதவன நீயாக் கூப்பிட்டு அடுப்படியில உக்கார வச்சிருக்கியே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவன் நன்றி சொல்லிட்டு எழுந்து போவான்னு நெனச்சியா?"

"நிறுத்துனா இவரு பழையபடி கொட்டகைக்குப் போயிருவாரு அக்கா. கயிறோட நின்னத நான் இந்தக் கண்ணால பாத்தேன். இப்பச் சிரிக்கிறாரு. சாப்புடுறாரு. எனக்கு அது போதும்."

"சிரிக்கிறானா? அவன் கையத் தொட்டுப் பாத்தியா நீ? சனிக்கிழமை நாலு பேரக் கூட்டிட்டு வரேன். அவன் கத்தினாலும் சரி, ஜெபத்தத் தொடங்கிருவோம். அதுவரைக்கும் ஊத்தாத. கெஞ்சினாலும் ஊத்தாத."

அன்றிரவு படுக்கையில் எர்மிந்தா கணவனின் கையைத் தொட்டாள். உள்ளங்கை ஜில்லென்றிருந்தது. விரல் நுனிகள், ரொம்ப நேரம் துணி துவைத்தவர்களுக்கு ஆகுமே, அதுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காதருகே முகர்ந்தாள். சேற்று வாசம்.

"கீழ அவ்வளவு குளிரில்லையாம்டி," என்றான் அவன் இருட்டில். அவன் தூங்கவே இல்லை. "மேல காத்துத்தான் குளிராம். கீழ போனா ஒண்ணுமே தெரியலயாம்."

"யாரு சொன்னா?"

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு.

மறுநாள் அவள் இரண்டு முக்காலிதான் போட்டாள். மூன்றாவதை வெளியே கொண்டுபோய்ப் பனியில் வைத்துவிட்டு வந்தாள். முதல் குடுக்கையைத் தான் குடித்தாள், அடுத்ததைப் பெலார்மீனோவிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"அவனுக்கு?"

"இன்னிக்குப் போதும்யா."

"அவன் நன்றி சொன்னானா?"

"பெலார், நான் சொல்றதக் கேளு..."

"சொன்னானாடி? இந்த வீட்ல விருந்தாளிய எவளாவது போதும்னு சொல்லி எழுப்புவாளா? அவன் வாங்கிட்டு வந்த யெர்பாவ அவனுக்கே இல்லன்னு சொல்றியா? என் தம்பிடி அவன்."

எழுந்துபோய் முக்காலியை உள்ளே எடுத்து வந்தான். தோலிலிருந்த பனியைக் கையால் துடைத்துவிட்டான், அவ்வளவு பிரியமாக. தான் வாங்காத குடுக்கையை எடுத்து அங்கே வைத்தான். எர்மிந்தா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. பொத்தவில்லை.

கொர்ர்ர்.

நாளைக்குச் சனிக்கிழமை. ஒரே ஒரு நாள். அவ்வளவுதானே, எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். வேறு என்ன செய்ய? கெண்டியில் தண்ணீரை நிரப்பி அடுப்பில் ஏற்றிவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று கிளம்பினாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். பெலார்மீனோ அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் முக்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பது மாதிரி.

கொட்டகையில் மாடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன, மூச்சு வெள்ளையாய்ப் புகைந்தது, வைக்கோலில் போன கோடையின் வாசம் இன்னும் இருந்தது. அந்த வாசத்தில் அவள் கொஞ்சம் நின்றுவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பனி விட்டிருந்தது. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் அணைந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

படியிலிருந்து இரண்டு வரிசைத் தடங்கள். புதுப் பனியில். பக்கத்தில் பக்கத்தில், தோளில் கை போட்டுக்கொண்டு போனால் எவ்வளவு நெருக்கமாக இருக்குமோ அவ்வளவு நெருக்கமாக. இடப்பக்கத்து வரிசை பெலார்மீனோவுடையது. குதிகால் தேய்ந்த அந்தப் பூட்ஸை அவளுக்குத் தெரியும்.

மற்ற வரிசையில் வலது கால் பூட்ஸ் போட்டிருந்தது.

இடது கால் வெறுங்கால். ஐந்து விரலும் தெரிந்தன.

ஓடினாள். பாவாடை பனியில் இழுபட, விழுந்து எழுந்து ஓடினாள். "பெலார்! பெலார்!" மலை அவள் குரலைத் திருப்பித் தரவில்லை. தடங்கள் மேயும் வெளியைத் தாண்டின. வேலியைத் தாண்டின. படகுத்துறைப் பலகை மேல் ஏறின. பலகையின் முனைவரை போயின.

முனையில் அவன் போர்த்தியிருந்த போன்சோ, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

கபித்தான் அங்கே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு.

அவள் வயிற்றோடு படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள். கரி போல் கறுத்த தண்ணீர். தோள்வரை விட்டாள். ஒன்றும் இல்லை. அந்த மனிதனை வசந்தம்வரை கொண்டுபோக நினைத்தாள். ஜூலைகூடப் பிறக்கவில்லை. என் கையாலேயே ஊற்றி ஊற்றி அனுப்பிவிட்டேனே என்று அலறினாள். எவ்வளவு நேரம் அலறினாள் என்று அவளுக்கே தெரியாது. முழுக்க இருட்டிவிட்டது.

அப்போது கேட்டது.

மேலே, வீட்டுப் பக்கமிருந்து. அக்கார்டியன்.

அந்தப் பாட்டு. தம்பி இல்லாமல் கை வராது என்றானே, அதே பாட்டு. துள்ளித் துள்ளி வந்தது. இடையிடையே காலால் தரையைத் தட்டும் சத்தம். சிவப்புத் திரைக்குப் பின்னால் விளக்கு வெளிச்சம். தகரப் புகைபோக்கியில் புகை. எந்த வழிப்போக்கன் பார்த்தாலும், ஆகா, இந்தக் குளிரிலும் எவ்வளவு சந்தோஷமான வீடு என்றுதான் சொல்லுவான்.

திரும்பி வந்துவிட்டான். வேறு வழியாய் வந்துவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே ஏறி ஓடினாள். நாய் அவளை முந்திக்கொண்டு ஓடியது.

படியில் நின்றாள். இறங்கிப் போன தடங்கள் மட்டும்தான் இருந்தன. ஏறி வந்தவை இல்லை.

பாட்டு நின்றது.

உள்ளே போனாள்.

அக்கார்டியன் மேஜைமேல் இருந்தது. அதன் துருத்தி மெதுவாய், பெருமூச்சு விடுவதுபோல் அமுங்கிக்கொண்டிருந்தது. பொத்தான்களின் இடுக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. இரண்டு முக்காலிகள் அடுப்பை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தன. இரண்டு ஆட்டுத்தோலும் சொட்டின. இரண்டின் கீழும் தண்ணீர் தேங்கி, ஒன்றாய்க் கலந்து, அடுப்புக்கு அடியில் ஓடிச் சுர்ரென்று பொரிந்தது. கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது. பூட்ஸ் இல்லை.

கபித்தான் ஒரு முக்காலியின் கீழே போய்த் தலையை வைத்துப் படுத்தது. அப்புறம் எழுந்து, மற்றதன் கீழேயும் போய் முகர்ந்தது. அங்கேயும் வாலாட்டியது.

கெண்டி பாடிக்கொண்டிருந்தது.

"பெலார்?" என்றாள்.

குடுக்கை மேஜையின் ஓரத்தில் இருந்தது. காலியாக. குழல் அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தது, ஊற்றுகிறவளிடம் திருப்பித் தருகிற முறைப்படி. சேறும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். அதற்கு அடியில் இன்னொன்று. அவன் சவரச் சோப்பின் வாசம்.

நன்றி சொல்லிவிட்டுப் போ என்று கேட்க வாயெடுத்தாள். ஒரே ஒரு வார்த்தைதானே. அதைச் சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவான். இந்த அடுப்படியும் இந்த இருட்டும் அவளுக்கு மட்டும் மிஞ்சும், வசந்தம்வரை, அதற்கப்புறமும்.

அவள் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். விறகுப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். நாளைக்கு யார் வந்து தட்டினாலும் சரி, எத்தனை பேர் வந்து ஜெபம் சொன்னாலும் சரி.

குடுக்கையை நிரப்பினாள். முதல் முக்காலி.

கொர்ர்ர்.

நிரப்பினாள். இரண்டாவது முக்காலி. பாராமல் நின்றாள்.

கொர்ர்ர்.

நிரப்பினாள். இது அவள் முறை. மூன்றாவது முக்காலியை இழுத்து அவர்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஜில்லென்று தோளில் இடித்தது. குழலில் வாய் வைத்தாள். பனிக்கட்டிபோல் உதட்டில் ஒட்டியது. பாசி ருசித்தது. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். இடப்பக்கத்திலிருந்து, காதுக்கு மிக அருகில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குரல், "இன்னொண்ணு ஊத்துங்க மதினி," என்றது. வலப்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

எர்மிந்தா கெண்டியை எடுத்தாள். அவளும் நன்றி சொல்லவில்லை.